பி பக்கத்துப் பாட்டு

ஒரு காஸெட்டைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்து வருகிறேன். தள்ளிப்போட்டதற்குச் சோம்பல் காரணமல்ல. அந்தக் காஸெட் இப்போது இல்லை. அது இல்லாமல் போனதில் எனக்குப் பங்கு உண்டு. மேலும், அதிலிருந்த பாட்டை நான் ஒரே ஒரு தடவை, அதுவும் அரைகுறையாகத்தான் கேட்டேன். அரைகுறையாகக் கேட்டதைப் பற்றியும் படித்ததைப் பற்றியும் விமர்சனம் எழுதுவது நம் சூழலில் புதிதல்ல என்றாலும், இந்த விஷயத்தில் எனக்குக் கூச்சம் இருந்தது. சென்ற மாதம் ஒரு அம்மாள் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பிறகு அந்தக் கூச்சத்துக்கு அர்த்தமில்லாமல் போய்விட்டது.

2007-ல் நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருஷம். என் வகுப்பில் ஒருவன் புழல் காவாங்கரை அகதி முகாமிலிருந்து வந்துகொண்டிருந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மண்டபம் என்று நாலு இடத்தில் அறுந்து ஒட்டப்பட்ட படிப்பு அவனுடையது. 1995 அக்டோபர் 30-ம் தேதி இரவு யாழ்ப்பாணத்தைக் காலி செய்துகொண்டு லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அவன் குடும்பமும் நடந்தது. இரண்டு வருஷம் கழித்து மன்னாரிலிருந்து படகு. படகுக்காரனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கவேண்டும். எல்லாருக்கும் காசு போதவில்லை. அண்ணன் வன்னியில் மாமாவோடு தங்கிவிட்டான். 'அடுத்த படகில் வருவான்' என்று சொல்லிவிட்டு ஏறியிருக்கிறார்கள்.

அவன்தான் அந்தக் காஸெட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அறுபது நிமிஷ நாடா. மேலட்டையில் நீலப் பேனாவால் 'இயக்கப் பாட்டுகள்' என்று எழுதியிருந்தது. அண்ணன் கையெழுத்து.

"மச்சான், உங்கட வீட்டில ரெண்டு காஸெற் போடுற ரேப் இருக்கெண்டு சொன்னனீ. இத ஒருக்கா கொப்பி எடுத்துத் தாறியா? நாடா பழசாப் போச்சு. பி பக்கத்தில கடைசியில கிடக்கிறது அண்ணான்ர பாட்டு. அதுதான் முக்கியம்."

கடையில் கொடுத்து எடுக்க அவனால் முடியாது. முகாமில் க்யூ பிராஞ்ச் போலீஸாரின் கண்காணிப்பு எப்போதும் உண்டு. இயக்கத்தின் பெயரெழுதிய காஸெட்டோடு ஒரு முகாம் பையன் கடைக்குப் போவது விவேகமல்ல. நான் சரி என்றேன். கல்லூரி மரத்தடியில் உட்கார்ந்து, அந்தப் பாட்டு பதிவான விதத்தையும் சொன்னான். அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லவேண்டும்.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. கொழும்பு அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையில் எரிபொருள், சிமென்ட், உரம், பாட்டரி எல்லாம் அடக்கம். பாட்டரி இல்லாத ஊரில் ரேடியோ கேட்க ஜனங்கள் கண்டுபிடித்த வழி சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, அல்லது ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றவேண்டும். டைனமோ தருவது ஆறு வோல்ட், மூன்று வாட். பெரிய பாட்டரி நாலு போடுகிற டேப்ரிக்கார்டருக்கு வேண்டியதும் ஆறு வோல்ட்தான். நடுவே ஒரு டையோடைக் கோத்துவிட்டால் ஏதோ ஒருவிதமாக ஓடும். செய்தி கேட்கவேண்டுமானால் வீட்டில் யாராவது ஒருவர் உலகச் செய்தி முடியும்வரை சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். செய்திக்கு ஒரு கை வலி உண்டு என்பதை நம்மைப் போன்றவர்கள் அறிய மாட்டோம்.

1994-ல் ஒரு நாள் அண்ணனும் பக்கத்து வீட்டுப் பையனும் பாட்டு ஒன்று கட்டினார்கள். அண்ணனுக்குப் பதினாறு வயது. வாத்தியம், காலியான பால்மா டின் ஒன்று. ஓட்டையான அலுமினியச் சட்டி ஒன்று. ஒலிப்பதிவுக்கூடம், வீட்டு முற்றத்துப் பங்கர். விமானக் குண்டுவீச்சுக்குப் பதுங்குவதற்காக வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண் மூட்டை போட்ட குழி அது. அன்று அவர்கள் அதற்குள் இறங்கியது விமானத்துக்குப் பயந்து அல்ல. அயலுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக. சைக்கிள் மேலே, குழியின் வாயில். ஒயர் கீழே இறங்குகிறது. பெடலைச் சுற்றியது என் நண்பன். அவனுக்கு அப்போது எட்டு வயது.

பாட்டு என்ன? ஒரு பட்டியல். கொழும்பு எதையெல்லாம் தடுத்ததோ அதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்துவது: பற்றறி, சவுக்காரம், சீமெந்து, உரம். ஒவ்வொன்றுக்கும் பிறகு டின்னில் இரண்டு அடி. அதே மூச்சில், அதே மெட்டில், இயக்கம் எதையெல்லாம் தடுத்ததோ அந்தப் பட்டியலும் தொடர்கிறது. ஊரைவிட்டு வெளியே போக வாங்கவேண்டிய பாஸ் அதில் முதலில் வரும் என்றான். இரண்டு பட்டியலுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. யார் தடுத்தது எது என்று பாட்டு பிரித்துச் சொல்லவில்லை. அதனால்தான் பங்கர். அதனால்தான் மேலட்டையில் 'இயக்கப் பாட்டுகள்'. அதனால்தான் இரண்டாவது பக்கத்தின் கடைசி நாலு நிமிஷம். ராணுவம் பிடித்தால் மேலட்டைக்காக உதை விழும். இயக்கம் பிடித்தால் கடைசி நாலு நிமிஷத்துக்காக. இரண்டு பக்கமும் பயப்படவேண்டிய ஒரு காஸெட்.

அன்றிரவு வீட்டில் போட்டுக் கேட்டேன். ஏ பக்கம் என்னை ஆட்டிவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. நல்ல குரல்கள், சுத்தமான ஒலிப்பதிவு, சேர்ந்திசை, தபேலா. அந்தப் பாடல்களில் பல தமிழ்நாட்டுக் கூடங்களில், சினிமாவில் பாடுகிறவர்களைக் கொண்டே பதிவானவை. பத்தொன்பது வயதில் வீரமும் தியாகமும் ஒரு மெட்டில் வந்து தாக்கும்போது விமர்சனப் பிரக்ஞையெல்லாம் எங்கோ போய்விடுகிறது. பிறகு பி பக்கத்தை ஓடவிட்டேன். கடைசியில் திடீரென்று ஒலி மட்டமாயிற்று. தகரச் சத்தம். இரண்டு பையன்கள் கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள். வார்த்தைகள் பாதி புரியவில்லை. ஒரு விசித்திரம் மட்டும் காதில் பட்டது: பாட்டு போகப்போக வேகமெடுக்கிறது, குரல் கீச்சென்று உயர்கிறது, சட்டென்று இறங்குகிறது, மறுபடி உயர்கிறது. நான் ஃபார்வர்ட் பொத்தானை அமுக்கினேன். விட்டபோது ஒரு பெண்குரல் மேலேயிருந்து, "ஆர்ரா அங்க, சத்தம் போடாதேங்கோ" என்றது. நாடா முடிந்தது.

அந்த ஏற்ற இறக்கத்தின் காரணம் எனக்குப் பல வருஷங்கள் கழித்துத்தான் விளங்கிற்று. சுற்றுகிற கை தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்ததைச் சாதாரண வேகத்தில் கேட்டால் குரல் உயரும், தாளம் விரையும். அதாவது, பாட்டு ஆவேசம் கொண்ட இடமெல்லாம் எட்டு வயதுப் பையன் களைத்துப்போன இடம். ஒருவனின் சோர்வே இன்னொருவனின் உக்கிரமாகப் பதிவாகியிருக்கிறது. இதைவிடப் பொருத்தமான ஒரு உருவ அமைதியை எந்தக் கலைஞனும் யோசித்துச் செய்திருக்க முடியாது. இதை நான் கேட்டபோது விளையாட்டு என்று நினைத்தேன். இசை என்று நினைக்கவில்லை.

கொப்பி எடுக்க ஆரம்பித்தேன். 'அதுதான் முக்கியம்' என்று அவன் சொல்லியிருந்தும், முதலில் ஏ பக்கத்தை எடுத்தேன். அது முடிய நேரமாகிவிட்டது. பி பக்கத்தை மறுநாள் எடுக்கலாம் என்று வைத்தேன். கொப்பியைக் கல்லூரிப் பையில் போட்டுக்கொண்டேன். மூலம் டேப்பிலேயே இருந்தது.

இங்கே எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆவடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1955 காங்கிரஸ் மாநாடு ஞாபகம் வரும். ஆவடிக்காரர்களுக்கு ஆவடி என்றால் டாங்கி. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி இங்கிருந்துதான் வெளியே வந்தது. கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படை, ரிசர்வ் போலீஸ் என்று ஊரே காக்கி. என் அப்பா இங்கே பாதுகாப்புத் துறையில் ஒரு தொழிலாளி. எங்கள் தெருவில் டாங்கி என்றால் ஓவர்டைம், தீபாவளி போனஸ், கூட்டுறவுப் பண்டகசாலை. என் நண்பனின் வீட்டில் டாங்கி என்றால் 1987 அக்டோபர். இந்திய ராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் டாங்கிகளோடு இறங்கியது. அந்த வருஷத் தீபாவளி 21-ம் தேதி வந்தது. அன்று எங்கள் வீட்டில் போனஸ் பணத்தில் பட்டாசு வெடித்திருப்பார்கள். ஒரே வார்த்தைக்கு இரண்டு வீட்டில் இரண்டு அர்த்தம். நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஷேக்ஸ்பியர் படித்தோம்.

மறுநாள் காலை அப்பா டேப்பைத் திறந்து மேலட்டையைப் படித்துவிட்டார்.

"யாருடா குடுத்தது இத?"

சொன்னேன்.

"என் வேலை என்னன்னு தெரியுமில்ல உனக்கு? எவனாவது எழுதிப் போட்டான்னா என்னடா பண்ணுவ?"

அப்பா கெட்டவர் அல்ல. அவர் பயத்துக்கு ஒரு பூகோளம் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே பூந்தமல்லி. அதைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 அங்கே நடந்தது. 1992 மே-யில் இயக்கம் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. கொலை வழக்கை விசாரித்த தனி நீதிமன்றம் பூந்தமல்லியில்தான் இருந்தது. 1998 ஜனவரியில் இருபத்தாறு பேருக்கும் ஒரே நாளில் மரண தண்டனை விதித்தது. அடுத்த வருஷம் உச்சநீதிமன்றம் அதில் பெரும்பாலானோரை விடுவித்தது என்பதெல்லாம் பயப்படுகிற மனிதனுக்கு இரண்டாம்பட்சம். இருபத்தாறு என்ற எண் அவர் மனசில் நின்றுவிட்டது. வெந்நீர் அடுப்பில் காஸெட்டைப் போட்டார். பழுப்பு நாடா சுருண்டு சுருண்டு எரிந்தது. பிளாஸ்டிக் நாற்றம் சாயங்காலம்வரை முற்றத்தில் இருந்தது.

அதில் ஒரு குடும்பத்தின் குரல் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. பயம் மட்டும் காரணமல்ல. அந்த நாலு நிமிஷத்துக்காக வாதாடவேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. நண்பனிடம் நாடா சிக்கி அறுந்துவிட்டது என்று பொய் சொல்லி, கொப்பியைக் கொடுத்தேன். அவன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "பரவாயில்ல மச்சான்" என்றான். பிறகு அதைப் பற்றி அவன் பேசவில்லை.

இனி பங்க் இசை. வங்கி வேலைக்கு வந்த பிறகுதான் அதைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். அதற்கு ஒரு அற்பக் காரணம் உண்டு. 1976 ஜூலையில் லண்டனில் 'ஸ்னிஃபின் க்ளூ' என்று ஒரு பத்திரிகை வந்தது. டைப் அடித்து, தலைப்பைத் தடித்த பேனாவால் எழுதி, நகலெடுத்து, மூலையில் பின் அடித்தது. அதை ஆரம்பித்த மார்க் பெர்ரிக்கு வயது பத்தொன்பது. உத்தியோகம், வங்கி குமாஸ்தா. பங்க் இசையின் ஆரம்பகால விமர்சகர்களில் ஒருவர் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். அவர் சீக்கிரமே வேலையை விட்டார், சுமார் ஒரு வருஷத்தில் பத்திரிகையையும் நிறுத்தினார். நான் இரண்டையும் விடவில்லை. பங்க்கின் சாரம் கிடாரிலோ கிழிந்த சட்டையிலோ இல்லை. மூன்று கார்டு தெரிந்தால் போதும், யாரிடமும் உத்தரவு கேட்காதே, நீயே செய், நீயே பதி, நீயே விற்றுக்கொள் என்பதுதான். புத்தகக் கட்டைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போன சி.சு. செல்லப்பாவின் வாரிசுகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் லண்டனில் அது வேலையில்லாதவர்களின் சலிப்பு, யுத்தமல்ல. யுத்தத்துக்குள் அந்த இசை என்ன ஆகும் என்பதற்கு பெல்ஃபாஸ்ட்டைப் பார்க்கவேண்டும். 1960-களின் கடைசியிலிருந்து 1998 வரை வட அயர்லாந்தில் சுமார் 3,500 பேர் செத்தார்கள். எழுபதுகளில் நகர மையத்தைச் சுற்றி இரும்பு வாயில்கள், உள்ளே போகிறவர்களைச் சோதித்துவிட்டார்கள், இருட்டினால் ஆளில்லை. 1977 அக்டோபரில் லண்டனிலிருந்து 'க்ளாஷ்' குழு வந்தது. காப்புறுதி கிடைக்காமல் நிகழ்ச்சி ரத்தாயிற்று. வந்ததற்கு, ராணுவச் சோதனைச் சாவடிகளுக்கும் முள்வேலிக்கும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளூர்ப் பையன்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. தங்கள் அன்றாடம் இன்னொருவனுக்குப் பின்னணித் திரையாவது யாருக்குத்தான் பிடிக்கும்? 1978 முதல் 'ஹார்ப் பார்' என்ற அழுக்கான மதுக்கடையில் அவர்களே வாசிக்கத் தொடங்கினார்கள். கத்தோலிக்கப் பையனும் பிராட்டஸ்டண்ட் பையனும் ஒரே கூரையின் கீழ் வியர்த்தார்கள். அன்றைய பெல்ஃபாஸ்ட்டில் அது சின்ன விஷயமல்ல.

அங்கேயும் விமர்சனச் சண்டை உண்டு. 'ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ்' குழு யுத்தத்தை நேராகப் பாடியது. இரண்டு தரப்பையும் ஏசியது. அவர்கள் பாடல்களில் பங்கெடுத்து எழுதியவர் கார்டன் ஓகில்வி என்ற பத்திரிகை நிருபர் என்பதால், இது நிருபரின் கோபம் என்று சிலர் ஒதுக்கினார்கள். டெர்ரி நகரத்து 'அண்டர்டோன்ஸ்' குழு நேர் எதிர். 1972 ஜனவரி 30-ம் தேதி ராணுவம் சுட்டு ஒரே நாளில் பதின்மூன்று பேர் செத்த ஊர் அது. அந்த ஊர்ப் பையன்கள் ஆரம்ப வருஷங்களில் யுத்தத்தைப் பாடவே மறுத்தார்கள். பெண்பிள்ளைகளையும் கோடைக்காலத்தையும் பாடினார்கள். ஊர் முழுக்க ஒன்றையே பேசச் சொல்லும்போது வேறொன்றைப் பேசுவதும் ஒரு எதிர்ப்புதான். யார் சரி என்று நான் வெகுநாள் குழம்பியிருக்கிறேன். இப்போது எனக்குப் படுவது: பாட்டு யுத்தத்தைப் பற்றியதா என்பது கேள்வியே அல்ல. எந்தப் படைக்காவது அந்தப் பாட்டு உபயோகப்படுமா என்பதுதான் கேள்வி. உபயோகப்படாதென்றால் அது தலைமறைவு இசை.

ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் பற்றி ஒரு கதை சொல்வார்கள். முதல் பாடலைக் காஸெட்டில் பதிந்து, உறையில் காஸெட் வெடிகுண்டின் படத்தைப் போட்டு, ரிக்கார்டு கம்பெனிகளுக்கு அனுப்பினார்களாம். ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்ததாம்: இன்னொரு பிரதி அனுப்ப முடியுமா, முதலாவதை நிஜ வெடிகுண்டு என்று நினைத்துத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டோம். இதைப் படித்தபோது எல்லாரும் சிரிக்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே வாளி, எங்கள் வீட்டில் வெந்நீர் அடுப்பு. அவர்களிடம் இன்னொரு பிரதி இருந்தது.

நம் யுத்தத்திலிருந்து பங்க் பிறக்கவில்லையா என்று கேட்டால் உடனே சொல்லப்படும் பெயர் எம்.ஐ.ஏ. மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், சில காலம் சென்னையிலும் இருந்து, 1986-ல் லண்டன் திரும்பியவர். ஒரு ரோலண்ட் யந்திரத்தை வைத்துக்கொண்டு தானே இசை கட்டப் பழகினார். 2005-ல் அப்பா பெயரில் 'அருளர்'; 2007-ல் அம்மா பெயரில் 'கலா'. 'கலா'வுக்காகச் சென்னையில் நம் உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்திருக்கிறார். உலகமெல்லாம் கேட்ட 'பேப்பர் ப்ளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது க்ளாஷ் குழுவின் 1982-ம் வருஷத்து மெட்டு. 2010-ல் வந்த 'பார்ன் ஃப்ரீ'யின் அடியில் ஓடுவது நியூயார்க்கின் 'சூஸைட்' குழு 1977-ல் வெளியிட்டது. ஆக, ஈழத்துப் பெண் ஒருத்தி இங்கிலாந்து அமெரிக்கப் பங்க்கை எடுத்துத் தன் யுத்தத்துக்கு அடித்தளமாகப் போட்டிருக்கிறார்.

நம்மில் சிலர் இதை நாகரிக வியாபாரம் என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அது சம்மதமில்லை. அந்த முறையில் நேர்மை இருக்கிறது. பிய்த்து ஒட்டுவது அகதியின் இயல்பான உருவம். 2009-ன் ஆரம்ப மாதங்களில் மேற்கத்திய மேடைகளில் வன்னியைப் பற்றி வாய் திறந்த பிரபலங்களில் அவர் முக்கியமானவர் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் அவருடைய கோபத்துக்கு ஒரு திசைதான் உண்டு. 'அருளர்' அட்டையிலேயே புலிகள். என் கணக்கில் அது ஏ பக்கம். உலகத்தரத்தில் பதிவான ஏ பக்கம். எட்டு வயதுப் பையனின் கை வலி அதில் இல்லை. பாஸ் கேட்டு வரிசையில் நின்றவன் அதில் இல்லை.

ஏ பக்கத்தை நான் இளக்காரம் செய்வதாக யாரும் நினைக்கவேண்டாம். அந்தப் பாடல்களில் பலவற்றை எழுதிய புதுவை இரத்தினதுரை, 2009 மே-யில் ராணுவத்திடம் சரணடைந்ததாகக் குடும்பத்தார் சொல்பவர், திரும்பவில்லை. பாட்டுக்கு அவர் கொடுத்த விலையை மதிப்பிட எனக்கு யோக்கியதை கிடையாது. நான் சொல்வது வேறு. ஏ பக்கம் எப்படியும் மிஞ்சிவிடுகிறது. அப்பா எரித்த இரண்டாவது வருஷம், 2009 ஜனவரி 29-ம் தேதி சென்னை சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் தீக்குளித்த பிறகு, ஆவடியில் நடந்த ஒரு கண்டனக் கூட்டத்தில் அதே பாடல்கள் ஒலிபெருக்கியில் அலறின. பக்கத்தில் போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்று எந்த நேரத்திலும் எவரும் அவற்றைக் கேட்கலாம். அவற்றுக்குப் பின்னால் ஒரு ஸ்தாபனம் இருந்தது, ஒரு கொடி இருந்தது. பிறகு அந்த இழப்பைத் தூக்கிச் சுமக்க ஒரு ஜனமே இருக்கிறது. பி பக்கத்துக்கு ஒரு மேலட்டைகூடச் சொந்தமாக இல்லை.

இது இசைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1991 மே-யில் தன்னை முடித்துக்கொண்ட சிவரமணி, அதற்கு முன் கைக்கெட்டிய தன் கவிதைகளையெல்லாம் அழித்துவிட்டுப் போனார். சிநேகிதர்களிடம் தங்கியவைதான் 1993-ல் தொகுப்பாக வந்தன. அதே 1991 ஆகஸ்டில் இயக்கத்தால் பிடித்துச் செல்லப்பட்ட செல்வி திரும்பவில்லை. சர்வதேச விருது ஒன்று மறு வருஷம் அவருக்கு அறிவிக்கப்பட்டபோதும் அவர் சிறையில்தான். அந்தக் கவிதைகளைப் பற்றி நான் கட்டுரை எழுதியிருக்கிறேன். இரண்டு ராணுவங்களுக்கு நடுவே நின்ற குரல் என்று பெரிய வார்த்தைகளில். அதே குரல் தகர டின்னோடு என் வீட்டு டேப்பில் ஓடியபோது நான் ஃபார்வர்ட் பொத்தானை அமுக்கியவன் என்பதை அந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை. கவிதை என்று அச்சில் வந்தால் நமக்கு அடையாளம் தெரிகிறது. பதினாறு வயதுப் பையன் கத்தினால் தெரிவதில்லை. நம் ரசனையைப் பற்றி இது என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

சென்ற மாதம் கவுன்டரில் ஒரு அம்மாள் பாஸ்புக்கை நீட்டினார். பதிந்து கொடுத்தேன். அவர் போகவில்லை.

"நீங்கள் எங்கட வீட்டுக்கு வந்த தம்பிதானே? பிளேன்ரீ குடிச்சனீங்கள்."

முகாமுக்கு நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். பதினெட்டு வருஷங்களுக்கு மேல் ஆகிறது. நண்பன் இப்போது வெளிநாட்டில். மூத்தவனைப் பற்றி 2009-க்குப் பிறகு தகவல் ஒன்றும் இல்லை. அவன் போட்டோ ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூட அட்டையிலிருந்து பெரிதாக்கியது. குரல்தான் இல்லை.

"அந்தக் காஸெற்றின்ர மிச்சம் எங்கயாவது கிடக்கோ தம்பி? அறுந்த நாடாவ இப்ப ஒட்டலாமாம். சின்னவன் சொன்னவன்."

வரிசையில் நாலு பேர் நின்றார்கள். பக்கத்து நாற்காலிக்காரரைக் கவனித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, நடந்ததைச் சொன்னேன். அறுந்தது என்றது பொய் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"உங்கட அப்பா செய்தது பிழையெண்டு சொல்ல மாட்டன் தம்பி. நாங்களும் எத்தினைய எரிச்சனாங்கள். ஆமி வருதெண்டு கொஞ்சம், பெடியள் வாறாங்களெண்டு கொஞ்சம்." பிறகு கேட்டார்: "நீங்கள் கேட்டனீங்கள்தானே? எப்பிடிப் பாடினவன்?"

ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி இருபது பக்கம் எழுதத் தெரிந்தவன் நான். தகரச் சத்தம் ஞாபகம் இருக்கிறது என்றேன். குரல் மேலே போய் மேலே போய் இறங்கியது என்றேன். கடைசியில், சத்தம் போடாதேங்கோ என்று நீங்கள் சொன்னது இருந்தது என்றேன். தான் அப்படிச் சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லை.

"அவனிட்டக் கேளுங்கோ. சுத்தினவன் அவன்தானே, அவனுக்குப் பாட்டு முழுக்கத் தெரியும்" என்று சொல்லி, பாஸ்புக்கின் பின்னட்டையிலிருந்து ஒரு நம்பரைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார்.

எழுதிக்கொண்டேன். இன்னும் கூப்பிடவில்லை. நாடா அறுந்தது என்றே அவன் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான். கூப்பிடும்போது முதலில் அதைச் சொல்லவேண்டும். பிறகுதான் பாடச் சொல்லிக் கேட்க முடியும். அவன் பாடினால் பதிந்துகொள்வேன். பாடாவிட்டால், அது அவன் இஷ்டம்.